டி2 கத்தியில் துரு வந்தால் அது போலியா?

கேள்வி: அண்ணே, பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டி, டேப், நைலான் கயிறு வெட்டணும். ஞாயிறானால் தெலுக் கும்பாரில் தூண்டில் போடப் போய்விடுவேன். போன மாதம் 'டி2' எஃகு என்று முத்திரை குத்திய மடக்குக் கத்தி ஒன்று 120 வெள்ளிக்கு வாங்கினேன். விற்றவர் துருவே பிடிக்காது என்றார், இரண்டே வாரத்தில் பிலேடில் பழுப்புப் புள்ளி. ஏமாந்துவிட்டேனா? அடுத்தது எந்த எஃகில் வாங்குவது?

பதில்: தம்பி, அந்தப் புள்ளியை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. அசல் டி2-வும் இப்படித்தான் செய்யும். துருவே பிடிக்காது என்று சொன்னாரே, அதுதான் பொய். டி2 கத்திக்காகப் பிறந்த எஃகே இல்லை, தொழிற்சாலையில் தகடு வெட்டுகிற அச்சுகளுக்காக வந்தது. அதில் குரோமியம் சுமார் 12 விழுக்காடு, கார்பன் 1.5. கணக்கைப் பார்த்தால் எவர்சில்வருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெரியும், ஆனால் அத்தனை கார்பனும் குரோமியத்தில் நல்ல பங்கைப் பிடித்துக் கார்பைடு என்கிற கெட்டிக் குருணைகளாக மாற்றிவிடுகிறது. குருணைகள் கூர்மையை நெடுநாள் காப்பாற்றும், துருவைத் தடுக்கத்தான் மிச்ச குரோமியம் பத்தாது.

என்னிடமும் ஒரு டி2 இருக்கிறது. ஒரு நாள் எலுமிச்சை அறுத்துவிட்டு சிலுவாரில் ஒரு தேய் தேய்த்து மடக்கிப் போட்டேன். மறுநாள் காலையில் திறந்தால், பிலேடு சுழல்கிற ஆணிக்குப் பக்கத்தில், துணி எட்டாத அந்த இடுக்கில் மட்டும், மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள். எலுமிச்சைக்கே இப்படி என்றால் உங்களுக்குக் கடல் தண்ணீர் வேறு.

உங்கள் வேலைக்கு 14சி28என் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். சுவீடன் எஃகு, சவர பிளேடு எஃகுகளின் வம்சம். கார்பன் 0.62 விழுக்காடுதான், குரோமியம் 14, கூடவே துளி நைட்ரஜன். கார்பன் குறைவு என்பதால் குரோமியம் பெரும்பாலும் துருவைத் தடுக்கிற வேலைக்கே மிஞ்சுகிறது. டி2 அளவுக்குக் கூர் நிற்காது, அதை மறைக்கவில்லை. அட்டைப்பெட்டி பார்க்க மெத்தென்று இருந்தாலும் மணலும் தூசியும் கலந்தது, எந்தக் கத்தியையும் மழுக்கிவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது தீட்ட வேண்டிவரும். ஆனால் இதைத் தீட்டுவது சுலபம். கோப்பிக் கடைப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மெருகு பூசாத சொரசொர வளையம் இருக்கும், அதில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தாலே கூர் ஓரளவு திரும்பிவிடும். டி2-வை அப்படி ஏய்க்க முடியாது. மழுங்கவிட்டால் நல்ல கல்லை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

கையைக் கடித்தால் 8சிஆர்13எம்ஓவி போதும். சீன எஃகு, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டலாம், கிடங்கில் தொலைந்துபோனாலும் வயிறு எரியாது. எஸ்30வி மாதிரி, உலோகத்தூளை அழுத்திச் செய்கிற பவுடர் எஃகெல்லாம் நல்ல சாமான்தான், ஆனால் டேப் வெட்டுவதற்கு அவ்வளவு காசு எதற்கு? மீன்பிடிதான் முக்கியம் என்றால் எல்சி200என் என்று ஒன்று உண்டு, கார்பனின் வேலையைப் பெருமளவு நைட்ரஜனிடம் விட்ட எஃகு, உப்புத் தண்ணீருக்கு அசராது. விலைதான் கொஞ்சம் ஏறும்.

இன்னொன்று. முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே எஃகுதான், சூடேற்றிக் குளிர்விக்கிற பக்குவம் தவறினால் தகரம். அந்தப் பக்குவத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் பேர் தெரிந்த தயாரிப்பாளரின் கத்தியாகப் பார்த்து வாங்குங்கள்.

இருக்கிற டி2-வைத் தூக்கிப் போட வேண்டாம். புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் பூசி, கிடங்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழம் நறுக்குவதாக இருந்தால் எண்ணெயைத் துடைத்துவிட்டு நறுக்குங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அதுவே துருவை வளர்த்துவிடும்.

கேள்வி: அதே கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே சுற்றலாமா?

பதில்: சும்மா சுற்றுவதற்கு வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறைக்கே போக வேண்டிவரும். போலீஸ் நிறுத்தினால் "எல்லாரும்தான் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. வேலைக் கத்தி வேலையிடத்து லாக்கரில், மீன் கத்தி தூண்டில் பெட்டியில். பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற சங்கதி எதுவானாலும், இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்குக் கூவி விற்றாலும், தொடாதீர்கள்.