திரையில் கத்திய பஸ்ஸர் தம்ளர் தண்ணீரில் முனகுவது ஏன்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ஐயா, டிப்ளமோ இ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாடித் தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் சர்க்யூட்டை பிரவுசரில் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அதையே பிரெட்போர்டில் போட்டு, தம்ளர் தண்ணீரில் இரண்டு ஒயர் முனையை விட்டால் பஸ்ஸர் முனகுவதோடு சரி. டிரான்சிஸ்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். சிமுலேட்டரை நம்பலாமா, கூடாதா? இது சரியானதும் ரிலே போட்டு மோட்டாரையே நிறுத்தலாம் என்றிருக்கிறேன்."

நீங்கள் அனுப்பிய லிங்க்கைத் திறந்து பார்த்தேன். ஃபால்ஸ்டாட் சிமுலேட்டரில் இது ஒரு பெரிய வசதி: வரைந்த சர்க்யூட் முழுவதும் அந்த லிங்க்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 9 வோல்ட் பேட்டரி, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் காலான பேஸில் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர், பிசி 547 டிரான்சிஸ்டர், பஸ்ஸருக்குப் பதில் 300 ஓம். எல்லாம் சரி. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். நீங்கள் கழற்றி வைத்த டிரான்சிஸ்டர்கள் இரண்டும் நல்லவையாகவே இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சுவிட்சை மூடினால் சிமுலேட்டரின் கணக்கில் அந்த இடத்தில் தடையே கிடையாது. பேஸில் 0.7 வோல்ட் போக மீதி 8.3 வோல்ட்டும் 10 கே மேல் விழுகிறது, 0.83 மில்லி ஆம்பியர் பாய்கிறது. பேஸ் கரண்ட்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்கும் என்ற எண்தான் பீட்டா; ஃபால்ஸ்டாட் தானாக வைத்துக்கொள்வது 100. அப்படியானால் பஸ்ஸர் இருக்கும் கலெக்டர் பக்கம் 83 மில்லி ஆம்பியர் வரை இழுக்க முடியும். பஸ்ஸருக்கு வேண்டியது 30தான். திரையில் அது கத்தாமல் என்ன செய்யும்?

தம்ளரில் நீங்கள் ஊற்றியது எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. ஃப்ளோரைடுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் வாங்கும் மாவட்டம் நம்முடையது. குடிக்க வைத்திருந்ததைத்தான் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆர்.ஓ. செய்த தண்ணீரில் உப்பு குறைவு. உப்பு குறைந்தால் மின்சாரம் கடப்பதும் குறைவு. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒயர் முனைகள் தம்ளரில் இருக்கும்போதே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். பஸ்ஸர் சட்டென்று குரல் எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து, தண்ணீரின் தடையை அளந்துவிடுவோம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நேராகத் தொட்டால் எண் நிலையாக நிற்காது, ஏறிக்கொண்டே போகும். முனைகளில் நடக்கும் மின்வேதி மாற்றம் அப்படி. அதனால் சுற்றிப் போவோம். பேட்டரி, 10 கே, தண்ணீர் மூன்றையும் வரிசையாக இணைத்து, 10 கே-யின் இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். உதாரணத்துக்கு 0.6 வோல்ட் காட்டுகிறது என்றால் பாய்வது 0.06 மில்லி ஆம்பியர். 9 வோல்ட்டை அதால் வகுத்தால் மொத்தம் 150 கே. நம் 10 கே போனால் தண்ணீர் 140 கே. நுனி மட்டும் நனைந்த மெல்லிய ஒயருக்கு, உப்பில்லாத தண்ணீரில், இது சாதாரணம். இதையே போர் தண்ணீரில் செய்தால் எண் பல மடங்கு குறையும். மழைநீரிலும் ஒரு முறை பாருங்கள்.

இப்போது சிமுலேட்டருக்குத் திரும்புங்கள். சுவிட்சை எடுத்துவிட்டு அங்கே ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்லைடர்ஸ்' கொடுத்தால் வலப்பக்கம் ஒரு இழுவை வரும். 1 கே-யிலிருந்து 200 கே வரை மெதுவாக இழுங்கள். கம்பியில் ஓடும் மஞ்சள் புள்ளிகள்தான் கரண்ட். இழுக்க இழுக்க பஸ்ஸர் பக்கத்துப் புள்ளிகள் தளர்ந்து ஊர்வதைக் கண்ணால் பார்க்கலாம். 140 கே-யில் கலெக்டர் கரண்ட் சுமார் 5.5 மில்லி ஆம்பியர், கலெக்டர் வோல்ட் 7-க்கு மேல். உங்கள் பிரெட்போர்டில் மல்டிமீட்டர் வைத்தாலும் கலெக்டர் கீழே இறங்காமல் சில வோல்ட்டில் நிற்கும். பீட்டா மட்டும் அப்படியே பொருந்தாது: பிசி 547-ல் கடைசி எழுத்து 'பி' என்றால் 200 முதல் 450, 'சி' என்றால் 420 முதல் 800. 'எடிட்' போய் அந்த எண்ணையும் மாற்றிப் பாருங்கள். கடைக்காரர் எந்தத் துண்டைக் கொடுத்தாலும் ஓடுகிற சர்க்யூட்தான் சர்க்யூட்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். கணக்கை முழுசாக நம்பலாம். ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே வரும் கரண்ட்டும் வெளியே போகும் கரண்ட்டும் சமம் என்ற கிர்ச்சாஃப் விதியைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றை ஒன்றாகத் தீர்ப்பதுதான் அதன் வேலை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்து, 1973-ல் வெளியுலகுக்கு வந்த ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரின் காலத்திலிருந்து அடிப்படை இதேதான். ஃபால்ஸ்டாட் அதை சர்க்யூட்டின் கணக்கு நேரத்தில் 5 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை, உங்கள் கணினியிலேயே செய்கிறது. பக்கம் ஒரு தடவை திறந்துவிட்டால் நெட் போனாலும் சர்க்யூட் ஓடுவது அதனால்தான். ஆனால் நீங்கள் வரையாத எதுவும் அதற்குத் தெரியாது. தண்ணீரின் தடையை வரையவில்லை, அதனால் தெரியவில்லை. பழைய 9 வோல்ட் பேட்டரிக்குள் இருக்கும் தடையும் தெரியாது. பேட்டரியோடு வரிசையில் 30 ஓம் சேர்த்தால் தெரியும். பிசி 547-ன் தட்டை முகம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பதும் அதற்குத் தெரியாது. கால் மாற்றிச் செருகும் தவறைத் திரையில் செய்யவே முடியாது.

கால் வரிசைக்கும் பிரெட்போர்டு பழக்கத்துக்கும் டிங்கர்கேட் என்ற சிமுலேட்டர் நல்லது. ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்குப் புரோகிராம் எழுதிப் பார்க்க வோக்வி என்ற சிமுலேட்டர். ஆனால் வோக்வியில் ரெசிஸ்டர் இல்லாமலே எல்.இ.டி. எரியும், அதைப் பார்த்து நிஜத்தில் அப்படிப் போட்டுவிடாதீர்கள். இப்போதைய உங்கள் வேலைக்கு ஃபால்ஸ்டாட் போதும். பாகம் கிடைக்காவிட்டால் சேலத்துக்கோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டிய ஊரில் இருக்கிறோம். ஏறும் முன் பத்து மதிப்புகளை மாற்றிப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய உதவி!

சரி, தீர்வு. இன்னொரு பிசி 547 சேருங்கள். கழற்றி வைத்ததே ஆகும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் இரண்டாவதன் பேஸுக்கு, இரண்டு கலெக்டரும் ஒன்றாகப் பஸ்ஸருக்கு. இதுதான் டார்லிங்டன். பீட்டாக்கள் ஒன்றோடொன்று பெருகிவிடுவதால் 140 கே தண்ணீரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இப்படி விட்டால் போர்டில் படியும் ஈரத்துக்கே கத்தத் தொடங்கும். முதல் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 220 கே போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் முதலில் திரையில் வரைந்து, ஸ்லைடரை 2 மெகா ஓம் வரை நீட்டி, எங்கே அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் செம்பு ஒயர் விட வேண்டாம்; பாசிட்டிவ் முனை பச்சை பிடித்து அரித்துப்போகும். இரண்டு எவர்சில்வர் கம்பிகள் வையுங்கள்.

ரிலே (காயிலில் கரண்ட் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்) விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்ட்ரோல் போர்டில் ஒரே இடத்து டிரான்சிஸ்டரை வாரம் ஒன்றாக மாற்றினேன். ரிலே காயிலுக்குக் குறுக்கே டையோடு இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நீங்கள் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். காயிலாக ஒரு இண்டக்டரும் 400 ஓமும் வரிசையில் வைத்து, கலெக்டர் வோல்ட்டை ஸ்கோப்பில் (வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் பகுதி) விட்டு, பேஸைச் சட்டென்று துண்டியுங்கள். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். ஸ்கோப்பில் கோடு அதைத் தாண்டி எகிறும். ஆனாலும் திரையில் டிரான்சிஸ்டர் சாகாது, புகையாது. நிஜத்தில் செத்துவிடும். 1என்4007 டையோடு ஒன்றைக் காயிலுக்குக் குறுக்கே போட்டு மறுபடி துண்டித்துப் பாருங்கள், கோடு அடங்கும்.

மோட்டார் பக்கத்து 230 வோல்ட்டையோ த்ரீ பேஸையோ நீங்கள் தொட வேண்டாம். போர் மோட்டார் கரண்ட்டை அந்தச் சின்ன ரிலே தாங்காது. ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் ரிலே வழியாக வெட்ட வேண்டும். அதை ஊர் எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுச் செய்யட்டும். அதற்கு முன் கேன் தண்ணீர், போர் தண்ணீர், மழைநீர் மூன்றுக்கும் 10 கே மேல் எத்தனை வோல்ட் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எவர்சில்வர் கம்பியின் நீளத்தையும் இடைவெளியையும் அதை வைத்துச் சொல்கிறேன்.