கேப்டனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லலாமா?

விமானப் பயணம், விமானப் பணி குறித்த வாசகர் கேள்விகளுக்கு, பயிற்சி கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் கோ-பைலட்டாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் தரையிறங்கும்போது வேகம் அதிகமாக இருக்கிறது, மறுபடி மேலே போய்விடலாம் என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்காமல் இறக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்புறம், “புத்தகத்தைப் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்காதே” என்று கடிந்துகொண்டாராம். கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறோம். வேலை நிலைக்கும்வரை பேசாமல் இரு என்று அவளிடம் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அம்மா. உங்கள் மகள் செய்தது வாக்குவாதம் அல்ல. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒருவர் விமானத்தை ஓட்டும்போது அடுத்தவர் வேகம், உயரம், இறங்கும் வீதம் மூன்றையும் கவனித்து, அளவு மீறினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொதுவாக, ஓடுபாதைக்கு மேல் 1,000 அடி உயரத்துக்கு வரும்போது எல்லாம் சீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது, ‘கோ அரவுண்ட்’ என்று மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி முயல வேண்டும்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் இதைச் சொன்னவர் கோ-பைலட்தான். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார். குரல் பதிவுக் கருவியில் முதல் 1 மணி 40 நிமிடம் அவர் பேச்சே இல்லை. விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் வந்தது. ‘கோ அரவுண்ட்’ என்று கோ-பைலட் மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டே இருந்தது. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மேட்டின் மீது அமைந்த ஓடுபாதை, அதன் முடிவில் பள்ளம். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். மூன்று முறை சரியாகச் சொன்ன அந்தக் கோ-பைலட்டும் அவர்களில் ஒருவர். அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை எத்தனையோ வகுப்புகளில் பாடமாக எடுத்திருக்கிறேன், அந்த இடம் வரும்போது எனக்குக் குரல் ஒரு நிலையில் இருந்ததில்லை.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோட்டில் இறங்க வந்தது இன்னொரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். நல்ல மழை, பின்னாலிருந்து காற்று, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக ஓடவில்லை. அவர் விமானப்படையில் பெயர் எடுத்த, மிகுந்த அனுபவசாலி. மறுநாள் காலை அங்கிருந்து ஒரு விமானத்தை அவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அதனால் எப்படியாவது அங்கேயே இறங்க நினைத்தார் என்கிறது விசாரணை அறிக்கை. இங்கேயும் கோ-பைலட் ‘கோ அரவுண்ட்’ சொன்னார். ஆனால் நிலைமை தெரிந்தும் அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்று அறிக்கை குறிப்பிடுகிறது. இருவருக்கும் இடையிலிருந்த அதிகார இடைவெளி அதற்கு ஒரு காரணம். விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது, விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது, பேசு என்பதோடு நிற்காது. எப்படிப் பேசுவது என்பதும் முக்கியம். “சார், கொஞ்சம் வேகமா இருக்கோ?” என்று பணிவாகக் கேட்டால், வேலை மும்முரத்தில் இருப்பவர் காதில் அது ஏறாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பணிவு வளர்ப்பிலேயே வந்தது. காக்பிட்டுக்கு வெளியே அது அழகு. உள்ளே எண்ணைச் சொல்ல வேண்டும்: “ஸ்பீட், பிளஸ் 20” (வேகம் இருக்க வேண்டியதைவிட 20 நாட் அதிகம்). பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அப்போதும் பதிலோ மாற்றமோ இல்லையென்றால், ஓட்டுபவர் செயலிழந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு “ஐ ஹேவ் கண்ட்ரோல்” என்று விமானத்தைக் கையில் எடுக்கப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். சிமுலேட்டரில் இதை வாய்விட்டு, சத்தமாகப் பழகச் சொல்லுங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்த்தது அந்த நேரத்தில் வாய்க்கு வராது.

கோபித்துக்கொண்ட கேப்டனிடம், பயணிகள் இறங்கிப் போன பிறகு, கேபின் பணியாளர்கள் இல்லாதபோது அமைதியாகப் பேசலாம். “1,000 அடியில் வேகம் இவ்வளவு இருந்தது, அதனால் சொன்னேன்” என்றால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மறுபடியும் அதே மாதிரி நடந்தால் நிறுவனத்தின் சேஃப்டி துறைக்கு அறிக்கை எழுதட்டும். விமானத்தின் பதிவுக் கருவியில் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், உங்கள் மகள் யார் மீதும் பழி போடுவதாக ஆகாது.

நான் கோ-பைலட்டாக இருந்த காலத்தில் ஒரு மூத்த கேப்டன் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் சொல்வார்: “நான் தப்புப் பண்ணினா உடனே சொல்லுப்பா. சொல்லாம இருந்தா உன்னைத்தான் கேப்பேன்.” அவரோடு பறந்த நாட்களில்தான் நான் பயமில்லாமல் பேசக் கற்றேன். அப்படிப்பட்ட கேப்டன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கும் அமைவார்கள்.

கேள்வி: இறுதி முடிவு கேப்டனுடையது என்றுதானே சட்டம்? எல்லோரும் கருத்துச் சொன்னால் குழப்பம்தானே வரும்?
— வாசகர், மதுரை

முடிவு கேப்டனுடையதுதான், அதில் சந்தேகமில்லை. முடிவெடுக்கத் தேவையான தகவல் அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவில் பனிமூட்டம். நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் கேப்டன், கிளம்ப அனுமதி வரும் முன்பே எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். கோ-பைலட் தடுத்தார், அவரும் நிறுத்தினார். சற்று நேரத்தில் மறுபடி கிளம்பியபோது கோ-பைலட் தடுக்கவில்லை. கோ-பைலட்டுக்கு போயிங் 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியதே அந்தக் கேப்டன்தான். அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் நிறுவன விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று ஃபிளைட் எஞ்சினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார், அவரும் அதோடு விட்டுவிட்டார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். இதுவும் 1978-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் எரிபொருள் தீர்ந்து விழுந்த யுனைடெட் விமானமும்தான், இளையவர் பேசவும் மூத்தவர் கேட்கவும் உலகெங்கும் தனிப் பயிற்சி வரக் காரணம்.

கேள்வி: தரையைத் தொடப் போன விமானம் திடீரென்று மேலே ஏறினால் பயணிகள் பயப்பட வேண்டுமா?
— வாசகி, கோவை

வேண்டாம். எஞ்சின் சத்தம் கூடும், இருக்கையோடு அழுத்துவது போல இருக்கும், ஐந்து பத்து நிமிடம் அறிவிப்பு வராமலும் இருக்கலாம். விமானிகள் அப்போது வேலையாக இருப்பார்கள். பெல்ட்டைப் போட்டபடி உட்கார்ந்திருங்கள், அது போதும்.