காற்றை அளக்க எதற்கு அனுமதி?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன டவுனில் வீடு வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. பக்கத்துப் பண்ணையில் 60 மீட்டர் உயரத்துக்குக் காற்றை அளக்கும் கம்பம் நட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருப்பதாக டவுனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அளவெடுக்கத்தானே போகிறார்கள், அதற்கு ஏன் ப்ளானிங் போர்டு, பொது விசாரணை எல்லாம்? இல்லை, இப்போது விட்டுவிட்டால் நாளைக்குக் காற்றாலையே வந்து நின்றுவிடுமா? ஊரே இரண்டாகக் கிடக்கிறது.
- வாசகி, நியூயார்க்

பதில்: உயரம்தான் காரணம். உங்கள் ஊர் மாதிரி இடங்களில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் ஜோனிங் சட்டத்தை எழுதியவர்கள் வீட்டையும் களஞ்சியத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதினார்கள், பல ஊர்களில் உச்சவரம்பு 35 அடி. நீங்கள் சொல்லும் கம்பம் 197 அடி. சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருந்தால் பெரும்பாலும் சிறப்பு அனுமதி கேட்டு, ஊரில் கட்டுமானங்களைப் பரிசீலிக்கும் குழுவான ப்ளானிங் போர்டுக்கு வருவார்கள், எதுவுமே இல்லையென்றால் ஜோனிங் மேல்முறையீட்டுக் குழுவிடம் போய் உயரத்துக்கு விலக்கு வாங்க வேண்டும்.

அது ஏன் சரியாக 197 என்று யோசித்தீர்களா? தரையிலிருந்து 200 அடியைத் தாண்டினால் எஃப்ஏஏ என்ற மத்திய விமானத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுகொள்கிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு, ஏனென்றால் கம்பம் ஒல்லி, சில மணி நேரத்தில் எழுந்துவிடும், நேற்று இல்லாதது இன்று நிற்கும். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி தாழ்வாகப் பறந்து வரும்போது அது கண்ணில் படாது. 2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு கம்பத்தில் மோதி ஒரு விமானி இறந்தார். அதே வருஷம் எஃப்ஏஏ, ஆரஞ்சும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை அடியுங்கள், கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிகளில் உருண்டைகள் மாட்டுங்கள் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. உங்கள் போர்டு அதை அனுமதியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும், இதை மட்டும் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாலே போதும் என்பேன்.

சரி, அளப்பதில் அப்படி என்ன இருக்கிறது? காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் அதிலிருக்கும் ஆற்றல் மும்மடிப் பெருக்கமாக ஏறும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் ஏறக்குறைய 60 சதவீத வித்தியாசம். அதனால்தான் வரைபடத்தைப் பார்த்துக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வருவதில்லை, குறைந்தது ஒரு முழு வருஷத்தின் கணக்கு வேண்டும். கம்பத்தில் பல உயரங்களில் கை நீட்டின மாதிரி குழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே ஒரு பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சராசரியைப் பதிந்துகொள்ளும். உங்கள் பக்கத்துக் குளிரில் கிண்ணங்கள் பனியில் உறைந்து, புயலே அடித்தாலும் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நிற்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதால் ஒரு வருஷம் இரண்டாக நீள்வது சகஜம்.

கம்பம் வந்தால் காற்றாலை வந்துவிடுமா என்றால், தானாக வராது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிச் சுற்றுச்சூழல் ஆய்வு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நியூயார்க்கில் 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களை 2020-ல் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு மாநிலமே முடிவு செய்கிறது, ஊர்ச் சட்டம் அளவுக்கு மீறிய தடையாக இருக்கிறது என்று தோன்றினால் அதை ஒதுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆகவே கம்பத்தைத் தடுப்பதிலேயே மொத்தச் சக்தியையும் செலவழித்துவிட்டு, காற்றாலைக்கான தூரம், சத்தம் பற்றிய நியாயமான விதிகளை எழுதாமல் விடுகிற ஊர்தான் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். கம்பம் அளந்துகொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு வருஷம்தான் உங்கள் ஊருக்குக் கிடைக்கிற அவகாசம்.

என் கருத்தைக் கேட்டால், அனுமதி கொடுக்கலாம், கெடுவை எழுதிவிட்டு. இரண்டு வருஷம், நீட்டிக்க வேண்டுமானால் திரும்ப வந்து கேட்கட்டும். கழற்றி எடுக்கும் செலவுக்கு முன்பணமோ பத்திரமோ. விழுந்தாலும் உங்கள் வேலிக்குள் விழாத தூரம். ஸ்டே கம்பிகள் தரையைத் தொடும் இடத்தில் மஞ்சள் உறை, பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா. அப்புறம், போர்டு உறுப்பினர் யாராவது அதே நிறுவனத்துக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். 2008-லேயே மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் இந்த விஷயத்துக்காகவே காற்றாலை நிறுவனங்களுக்கு ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. கூட்டத்தில் இதைக் கேட்பது யாரையும் அவமானப்படுத்துவது ஆகாது.

விசாரணை அறிவிப்பு குறைந்தது ஐந்து நாள் முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் வர வேண்டும், விசாரணை முடிந்து 62 நாளுக்குள் முடிவு. முடிவு டவுன் கிளார்க்கிடம் பதிவான பிறகு நீதிமன்றம் போக 30 நாள்தான், அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் டவுனில் கம்பம், காற்றாலை விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஆறு மாதம் நிறுத்திவைக்கப் போகிறார்களாம். செல்லுமா?
- இன்னொரு வாசகர், அதே மாநிலம்

பதில்: சட்டம் எழுதுவதற்காக, குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தினால் பொதுவாகச் செல்லும். ஆறு மாதமும் ஒரு வரிகூட எழுதாமல் இன்னொரு ஆறு மாதம் கேட்டால் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். வரைவு எழுதும் குழுவில் யார் யார், எப்போது கூடுகிறார்கள் என்று முதல் மாதமே கேளுங்கள்.

கேள்வி: கம்பமே இல்லாமல் அளக்க முடியாதா?
- அதே வாசகர்

பதில்: முடியும். லைடார் என்று லேசரை மேலே அனுப்பி அளக்கும் கருவி இருக்கிறது, டிரெய்லரில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம், நவீன காற்றாலையின் இறக்கை சுற்றும் உயரம் வரை அளக்கும். ஆனாலும் அதன் அளவைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு கம்பம் இருப்பது நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. உங்கள் ஊரில் ஒரு நிறுவனம் இரண்டு கம்பம் கேட்டிருந்தால், ஒன்றுக்குப் பதில் லைடார் வைக்கலாமா என்று போர்டு மூலமாகக் கேட்டுப் பாருங்கள்.