பழைய கார் வாங்க முதல் பொனற்றைத் திறவுங்கோ: கேள்வி பதில்

யாழ்ப்பாணம் கொக்குவிலில 28 வருசமாய் கராஜ் வைச்சிருக்கிறன். கார் விக்கிறேல்லை, புரோக்கர் வேலையும் பாக்கிறேல்லை. ஆக்கள் காரை வாங்கி, தேசிக்காய் நசிச்சு, கோயிலுக்கும் கொண்டுபோட்டு வந்து "அண்ணை, இதென்ன சத்தம்?" எண்டு கேக்கேக்கதான் என்னட்ட வருகினம். "வாங்க முதல் கேளுங்கோவன்" எண்டு வாய்விட்டன், கேள்வியள் குவிஞ்சிட்டுது. ஏலுமானதுக்குப் பதில் தாறன்.

கோண்டாவில் தம்பி ஒராள்: அண்ணை, 2012 ரொயோட்டா விற்ஸ் பாத்திருக்கிறன். ஒண்டு 1000 சிசி, மற்றது 1300. விலையில நல்ல வித்தியாசம். நான் ஒவ்வொரு நாளும் டவுனுக்கு வேலைக்குப் போய்வாறது, வருசத்தில ரெண்டு மூண்டு தரம் கொழும்பு. எது?

தம்பி, எங்கட ஊரில மலை எண்டு ஒண்டும் இல்லை. கோண்டாவிலில இருந்து ஆஸ்பத்திரி வீதி வரைக்கும் ஏறவேண்டிய உயரம் எண்டால் வேகத்தடையள்தான். அதுக்கு 1000 சிசி காணும். அந்த விற்ஸில நிக்கிறது 1கேஆர் இஞ்சின்: 996 சிசி, மூண்டு சிலிண்டர், 69 குதிரைவலு. சிவப்பு லைற்றில நிக்கேக்க ஸ்டியரிங் மெல்லிசாய் நடுங்கும். அது மூண்டு சிலிண்டரின்ர குணம், பழுது எண்டு பயப்பிடாதேங்கோ. ஆனால் சீற்றோட சேர்ந்து டாஷ்போட்டும் கிடுகிடுத்தால் இஞ்சினைத் தாங்கிற மவுண்டிங் பழுதாப் போட்டுது. அந்தக் காசை விலையில குறைச்சுக் கேளுங்கோ.

1300இல நிக்கிறது 1என்ஆர்: 1329 சிசி, நாலு சிலிண்டர், 95 குதிரைவலு. வித்தியாசம் தெரியிறது கொழும்புக்குப் போற ஏ9 வீதியில. முறிகண்டியில தேங்காய் அடிச்சுப்போட்டு வெளிக்கிடுறியள், காருக்குள்ள நாலு பேர், ஏசி ஓடுது, முன்னால ஒரு லொறி. 1000 சிசியில முந்தப் போனால் காலை அமத்தினாப் பிறகு சத்தம் முதல் வரும், வேகம் பிறகுதான் வரும். எதிரில பஸ் வாற நேரத்தில அந்த இடைவெளி பெரிய இடைவெளி. 1300 எண்டால் அந்தக் கஷ்டமில்லை. வருசத்தில ரெண்டு மூண்டு தரம்தான் எண்டால் 1000ஐ எடுத்து, பொறுமையாய் ஓடுங்கோ. மாதம் மாதம் எண்டால் 1300.

இங்க 1000 சிசி கனக்க ஓடுறதுக்கு வேறயொரு காரணமும் இருக்கு. இறக்குமதி வரி சிசியைப் பாத்துத்தான் போடுறது. அதாலதான் 1000உம் 1500உம் தெரு நிறைய நிக்குது, 1800 சிசி ரொயோட்டா பிறிமியோ தேடித்தான் பிடிக்கோணும்.

அதே தம்பி: எஃப், யூ, ஜுவெலா எண்டு கிறேட் எல்லாம் சொல்லுகினம். அது முக்கியமோ?

எஃப் சாதாரணம், யூ கொஞ்சம் மேல, ஜுவெலா நிறமும் உள் அலங்காரமும். இஞ்சின் ஒண்டெண்டால் ஓட்டத்தில வித்தியாசம் தெரியாது. ஒண்டை மட்டும் கவனியுங்கோ: லைற்றில நிண்டவுடன இஞ்சின் தானாய் நிக்கிற வகையோ எண்டு. அதுக்குப் போடுற பற்றி வேற, விலையும் வேற. சாதாரண பற்றியைப் போட்டு வித்திருந்தால் அந்த வசதி வேலை செய்யாது, பற்றியும் கனகாலம் நிக்காது.

மானிப்பாய் ஆசிரியை ஒருவர்: பிறிமியோ ஜி சுப்பீரியர் எண்டு சொல்லி, எஃப்பைவிடச் சில லட்சம் கூடக் கேக்கினம். குடுக்கலாமோ?

அக்கா, முதல் அது உண்மையிலேயே ஜி சுப்பீரியரோ எண்டு பாக்கோணும். நானே ஏமாந்த கதை சொல்லுறன். எட்டுப் பத்து வருசத்துக்கு முதல் எனக்கெண்டு ஒரு கார் எடுத்தன். டிக்கியில வெள்ளியாய் மினுங்கிற ஜி எழுத்து. சந்தோசமாய்க் கொண்டு வந்து, அடுத்த நாள் ஒரு பாட்ஸ் தேடுறதுக்காகப் பொனற்றைத் திறந்து மொடல் விபரம் அடிச்ச தகட்டைப் பாக்கிறன், அதில இருந்த கோட் சாதாரண எஃப். எழுத்து கடையில வாங்கி ஒட்டினது. நகத்தால நெம்பினன், கையோட வந்திட்டுது. ஊராற்ற காரெல்லாம் பாத்துச் சொல்லுறவன் என்ர காரைப் பாக்கேல்லை. மனிசி இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவ.

ஆனபடியால் டிக்கியை விட்டிட்டுப் பொனற்றைத் திறவுங்கோ. தகட்டில மொடல் எண்டு போட்டு, உதாரணத்துக்கு, டிபிஏ-என்இசட்டி260 எண்டு இருக்கும். டிபிஏ எண்டால் வெறும் பெற்றோல், டிஏஏ எண்டால் ஹைபிரிட். என்இசட் எண்டுறது இஞ்சின் குடும்பம், 1500 சிசி. இசட்ஆர் எண்டு தொடங்கினால் 1800 அல்லது 2000. அதுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு வாற எழுத்துகளுக்குள்ளதான் கிறேட் ஒளிச்சிருக்கு. அதை நீங்கள் படிக்கத் தேவையில்லை. காரின்ர உடம்பில அடிச்சிருக்கிற சசி நம்பரைக் குடுத்தால் நல்ல பாட்ஸ் கடைக்காரர் கற்றலொக்கில பாத்து, எந்தக் கிறேட், எந்த மாதம் செய்தது எண்டு சொல்லிப்போடுவார். இஞ்சினில அடிச்சிருக்கிற நம்பரும் வாகனப் பதிவுப் புத்தகத்தில இருக்கிற நம்பரும் ஒண்டோ எண்டு அதோடயே பாருங்கோ.

சரி, உண்மையான சுப்பீரியர்தான் எண்டு வைப்பம். 1500 எண்டால் எஃப்பில நிக்கிற அதே இஞ்சின்தான் அதிலயும். கூடக் குடுக்கிற காசு மர நிறப் பலகை, நல்ல சீற் துணி, சாவியை எடுக்காமல் கதவு திறக்கிறது எண்டு போகும். விருப்பமெண்டால் குடுங்கோ, நான் தடுக்கேல்லை. ஆனால் 2016 ஜூனுக்குப் பிறகு முகம் மாறி வந்த பிறிமியோவில, முன்னால மோதப்போறதைக் கண்டு தானாய் பிறேக் பிடிக்கிற வசதி வந்தது. அது நிக்கிற கார் எண்டால் கூடக் காசுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. முன் கண்ணாடியின்ர மேல்பக்கம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால, கறுப்புப் பெட்டி இருக்கோ பாருங்கோ. கண்ணாடி உடைஞ்சு மாத்தின காரெண்டால் அந்தப் பெட்டி சும்மா அலங்காரத்துக்கு நிக்கக்கூடும்.

இன்னொண்டு அக்கா. டகாட்டா ஏர்பேக் பிரச்சினையால உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான காரை திருப்பி அழைச்சவை, ஜப்பான் காரும் கனக்க அதுக்குள்ள. ரொயோட்டாவின்ர ஜப்பான் தளத்தில சசி நம்பரைப் போட்டால் அந்தக் காருக்கு ஏர்பேக் மாத்தினதோ இல்லையோ எண்டு வரும். ரெண்டு நிமிச வேலை. சீற் நிறம் பாக்கிற நேரத்தில இதைப் பாருங்கோ.

சாவகச்சேரி: சுசுக்கி வாகன் ஆர் எடுக்கப்போறன். ஸ்டிங்ரே ரீ எண்டு ஒண்டு நிக்குது, ரேபோவாம். எஃப்எக்ஸும் நிக்குது. ஹைபிரிட் எண்டும் சொல்லுறாங்கள்.

எல்லாம் 658 சிசி. ரேபோ எண்டால் இஞ்சினுக்குள்ள கூடக் காத்தை அமத்தித் தள்ளுறது. அது இல்லாதது 52 குதிரைவலு, ரேபோ 64. ஜப்பானில இந்தச் சின்ன ரகத்துக்கு அதுக்கு மேல போறேல்லை எண்டு கொம்பனியள் தங்களுக்குள்ள வைச்சிருக்கிற எல்லை அது. ரேபோ ஓட நல்லாயிருக்கும். ஆனால் முதல் வைச்சிருந்தவர் 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில் மாத்தினவரோ? அதுதான் முழுக் கேள்வியும். இஞ்சின் ஒயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்கோ. தேன் நிறத்தில இருந்தால் நல்லது. கறுத்து, களிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் ரேபோவை விட்டிட்டு ஓடுங்கோ. தென்மராட்சிக்குள்ள ஓடுறதுக்கு எஃப்எக்ஸ் காணும்.

ஹைபிரிட் எண்டு எழுதியிருந்தாலும் முழு ஹைபிரிட்டான பிறியஸ் மாதிரி நினைக்காதேங்கோ. பெல்ற்றில ஓடுற ஒரு சின்ன மோட்டர் இஞ்சினுக்குக் கை குடுக்கும், அவ்வளவுதான். முன் சீற்றுக்குக் கீழ ஒரு குட்டி லிதியம் பற்றி இருக்கும். வெள்ளத்துக்குள்ள விட்ட காரெண்டால் முதல் அந்தச் சீற்றுக்குக் கீழ கையை வையுங்கோ.

ஜப்பான் அல்ரோ பாக்கிறவைக்கும் சேர்த்து ஒண்டு: 2014 கடைசியில வந்த அல்ரோவில எஃப் கிறேட் எண்டால் கியர்பெட்டி மனுவல் அல்லது ஏஜிஎஸ், எக்ஸ் எண்டால் சிவிரி, படிப்படியாய் மாறாத ஒட்டோ கியர். ஏஜிஎஸ் எண்டுறது மனுவல் கியரை ஒரு மெசின் மாத்திறது. கியர் மாறேக்க தலை முன்னால ஒருக்கால் போய்வரும். இதிலதான் கிறேட் எழுத்து உண்மையிலேயே காரை மாத்துது.

பருத்தித்துறைத் தங்கச்சி: அண்ணா கனடாவில. ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் ஒண்டு எடுத்து வீட்டில விடப்போறாராம். வருசத்தில ஒரு மாதம் வந்து ஓடுவார். மற்ற நேரம் நாங்கள் சந்நிதி கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு. எண்ணெய் மிச்சம் எண்டு சொல்லுறார்.

தங்கச்சி, அண்ணாவுக்குச் சொல்லுங்கோ, ஓடாத காருக்கு எண்ணெய் மிச்சம் வராது.

ஜப்பான்காரர் அக்குவாவுக்கு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் எண்டு போட்டவை. இங்க 20, 22 வந்தால் நல்ல கார். அதுவே பெரிய மிச்சம்தான், ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஓடுறவருக்கு. அந்தக் காரின்ர பெரிய பற்றி 120 செல், நிக்கல் வகை. சும்மா நிண்டால் தானாய்ச் சார்ஜ் இறங்கும். மாசக்கணக்கில நிண்டு நிண்டு செல் ஒண்டு பலவீனப்பட்டால், அண்ணா வந்து இறங்கிற அண்டைக்கு டாஷ்போட்டில சிவப்பு முக்கோணம் எரியும். இப்பிடி நிப்பாட்டி வைக்கிறதுக்கு வெறும் பெற்றோல் ரொயோட்டா அக்சியோ, இல்லாட்டி விற்ஸ். பற்றி வயரைக் கழட்டி வைச்சால் சரி.

இல்லை, அக்குவாதான் எண்டு பிடிவாதமெண்டால்: பின் சீற்றுக்குக் கீழ காத்து இழுக்கிற துவாரம் இருக்கு, அதால போற காத்துத்தான் பற்றியைக் குளிராக்கிறது. அதின்ர மூடியைக் கழட்டிப் பாருங்கோ. போன மாதம் ஒரு காரில கழட்டினன். எங்கட செம்மண் புழுதி, ஆரோ ஒராளின்ர தலைமயிர், ஒரு முறுக்குத் துண்டு, எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அடைச்சிருந்தது. பற்றி வேகுமோ வேகாதோ? வாங்க முதல் கம்பியூட்டர் போட்டு, ஒவ்வொரு பற்றித் தொகுதியின்ர வோல்ற்றையும் பாருங்கோ. ஒண்டு மட்டும் விலகி நிண்டால் வேண்டாம். கிறேட் எல் எண்டால் பின் கதவுக் கண்ணாடி கையால சுத்துறதாய் இருக்கும், எஸ் எடுங்கோ.

வேலணை: நாலு சில்லும் இழுக்கிற அக்சியோ ஒண்டு மலிவாய் வருது. எடுக்கலாமோ?

ஏன் மலிவு எண்டு யோசியுங்கோ. ஜப்பானில உந்த நாலு சில்லுக் கார் கனக்க ஓடுறது பனி கொட்டுற வடக்குப் பக்கம். அங்க பனி உருகத் தெருவுக்கு உப்புப் போடுவினம். ஏற்கெனவே உப்பில ஊறின காரை வாங்கி, நீங்கள் ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தால, ரெண்டு பக்கமும் கடல், உப்புக் காத்துக்குள்ளால ஓட்டப்போறியள். பாரமும் கூட, எண்ணெயும் கூட. சறுக்குறதுக்கு எங்களிட்டப் பனியும் இல்லை. காரைத் தூக்கி வைச்சுக் கீழால பிறேக் குழாயளைப் பாருங்கோ. அது துருவேறி உரிஞ்சிருந்தால் திரும்பிப் பாக்காதேங்கோ.

தீவுப்பக்கக் கார், வலிகாமக் கார் ரெண்டுக்கும் பொதுவாய் ஒண்டு. இஞ்சின் ஆறியிருக்கேக்க ரேடியேற்றர் மூடியைக் கழட்டி விரலை விடுங்கோ. வெள்ளையாய்ச் சுண்ணாம்பு பிடிச்சிருந்தால், கூலன்ற்றுக்குப் பதிலாய்க் கிணத்துத் தண்ணி விட்டிருக்கினம். எங்கட சுண்ணக்கல் தண்ணி கேத்திலுக்குள்ள செய்யிற வேலையைத்தான் இஞ்சினுக்குள்ளயும் செய்யும்.

சுன்னாகம்: ஹொண்டா வெசல் ஹைபிரிட் எடுக்கலாமோ?

வடிவான கார். ஆனால் 2021இல புது மொடல் வர முதல் இருந்த வெசலின்ர ஏழு கியர்ப் பெட்டி ரெண்டு கிளச்சோட ஓடுறது. அதே முறை முதல் வந்த ஃபிற் ஹைபிரிட்டை, 2013 செப்டெம்பரில விட்டு, ஒரு வருசத்துக்கு மேல கொஞ்சக் காலத்துக்குள்ள ஹொண்டா ஐஞ்சு தரம் திருப்பி அழைச்சது. திருத்தங்கள் செய்த காரோ எண்டு சசி நம்பரால பாருங்கோ. சந்தையடி நெரிசலுக்குள்ள அரை மணித்தியாலம் ஊர்ந்து ஓட்டிப் பாத்திட்டு முடிவெடுங்கோ. நேர் ரோட்டில எல்லா வெசலும் நல்லாத்தான் ஓடும்.

உரும்பிராய்: 110 கொரோலாவோ 121ஓ?

121. ரெண்டும் கொரோலாவின்ர மொடல் நம்பர். பெற்றோல் 110இல ரைமிங் பெல்ற், அதைக் காலத்துக்குக் காலம் மாத்தோணும்; 121இன்ர 1500இல செயின். பெல்ற் எப்ப மாத்தினது எண்டு சொல்ல இப்ப ஆருமில்லை.

நல்லூர் ஐயா ஒருவர்: என்னட்ட 1953 ஒஸ்ரின் ஏ40 நிக்குது. தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயில ஓடினது. 2022இல பெற்றோலுக்கு லைனில நிக்கேக்க மகன் கேட்டான், "எங்கட விற்ஸையும் அப்பிடி ஓட்டேலாதோ?" எண்டு. இப்ப ஏ40ஐ வித்துப்போட்டு வேற எடுக்கச் சொல்லுறான்.

ஐயா, உங்கட ஒஸ்ரினின்ர 1200 சிசி இஞ்சின்ர அமுக்கம் குறைவு. பெற்றோலை ஒரு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தினால் காபரேட்டர் சமாளிச்சுக்கொண்டு போகும். பின்னால புகை, முன்னால இருமல், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கினபடியால், அந்தக் காலத்தில ஒயில் மாத்தினதுக்குக் கணக்கே இல்லை. விற்ஸில அப்பிடிச் செய்தால் இஞ்சின் தட்டும், சென்சரும் சைலன்சர் குழாயில புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக்கும் பழுதாப் போகும். மகனிட்டச் சொல்லுங்கோ.

விக்கிறது உங்கட விருப்பம். ஆனால் விக்க முதல் ஒரு சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டு வாங்கோ. காபரேட்டரைக் கழட்டிக் கழுவிப் பூட்டுறன். காசு வேண்டாம், நல்லூர் வீதியில ஒருக்கால் நான் ஓட்டிப் பாக்கோணும்.