வாசகர் கேள்வி – பதில்: முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்குவோருக்கு

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, கைத்துப்பாக்கியை முதன்முதலாகச் சொந்தமாக்கிக்கொள்வது பற்றியவை. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் துவக்கு புதிய பொருளன்று. ஆயினும் சோதனைச் சாவடியில் அதன் வாய்க்கு முன்னால் நின்று பழகியதனாலேயே அதைக் கையாளவும் தெரியும் என்று எண்ணிக்கொள்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஆகையால் முதற் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கும் என் மகள் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவள், வைத்தியசாலையொன்றில் தாதியாக வேலை செய்கிறாள். மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. மாலைப் பணி முடிந்து நள்ளிரவில் தனியே கார் ஓட்டி வருவதால் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்கிறாள். மருமகன் பெரிதாக வாங்கு என்கிறார். கடையிலோ பெண்களுக்கு ஏற்றதென்று சிறிய ரிவோல்வர் ஒன்றைக் காட்டினார்களாம். எது சரி?
– வாசகி, உவர்மலை

பதில்: அம்மா, உங்கள் மருமகனும் கடைக்காரரும் துவக்கிலிருந்து தொடங்குகிறார்கள். மகள் தொடங்க வேண்டியது அது எங்கே இருக்கப் போகிறது என்பதிலிருந்து. டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டெம்பர் முதல், 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை எதுவும் இல்லாதவர் தனி அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லலாம். ஆனால் அதே மாநிலத்தின் சட்டம், எழுத்துமூல அனுமதியின்றி வைத்தியசாலைக்குள் அதைக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்குகிறது. ஆக, நள்ளிரவுப் பயணத்துக்கென்று வாங்கப்படும் துவக்கு, அவர் பணியில் இருக்கும் நேரம் முழுவதும் தரிப்பிடத்தில் ஆளில்லாத காருக்குள் கிடக்கும். அமெரிக்காவில் திருட்டுப்போகும் துப்பாக்கிகளுள் பெருந்தொகையானவை கார்களிலிருந்தே போகின்றன. காரின் இரும்புச் சட்டகத்தோடு எஃகு வடத்தால் பிணைத்துப் பூட்டும் சிறு பெட்டி இல்லாமல் அவ்வாறு விட்டுவைப்பதை நான் ஒருபோதும் ஆமோதிக்க மாட்டேன்.

அடுத்தது வீடு. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கைப்பை, தலையணை, அலுமாரியின் மேல்தட்டு எல்லாம் ஒன்றே. கதிரையை இழுத்துப்போட்டு ஏறிவிடும். சுட்டுவிரலுக்கு வலுப் போதாவிட்டால் துவக்கைத் தன் பக்கம் திருப்பி இரண்டு பெருவிரல்களாலும் விசையை அமுக்கும். விபத்துகள் பல அப்படித்தான் நடக்கின்றன. 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடும் நிலையில் துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாசிலும் குற்றம். சுவரின் மரச்சட்டத்திலோ தரையிலோ திருகாணியால் இறுக்கப்பட்ட, இருளிலும் விரல்களால் தடவித் திறக்கக்கூடிய பொத்தான்கள் உள்ள இரும்புப் பெட்டியைத் துவக்குக்கு முன்னதாகவே வாங்கச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பணம் போதாதென்றால் துவக்குக்கும் இன்னும் காலம் வரவில்லை.

இனித் தெரிவு. சிறிய துவக்கு பெண்களுக்கு இலகு என்பது கடை மேசைக்கு அப்பால் நிலைக்காத நம்பிக்கை. ஏறக்குறைய 400 கிராம் மட்டுமே எடையுள்ள, ஐந்து ரவைகள் கொள்ளும் .38 ரிவோல்வர் கைப்பைக்குள் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கைக்கே வந்து சேரும். குழல் குட்டை என்பதால் குறியில் நேரும் சிறு பிசகும் பெரிதாகும். அத்துடன், சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்து வைக்காமல் சுடுவதற்கு நாலரை ஐந்து கிலோ அளவு விசையழுத்தம் தேவைப்படும். பல வருடம் பழகியவர்களே கடினம் என்று சொல்லும் ஆயுதத்தைப் புதியவருக்குக் கொடுத்தால், பத்து முறை சுட்டு மணிக்கட்டு வலிக்க, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பயிற்சியையும் கைவிடுவார்.

மருமகனின் பெரிய ரவைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1986 இல் மியாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் அதிகாரிகள் இருவரை இழந்த எஃப்பிஐ, ரவையின் வலு போதவில்லை என்று கருதி 10 மில்லிமீற்றர் ரவைக்கும், அதன் உதைப்பு பலருக்கு ஒத்துவராததால் உதைப்புக் குறைந்த .40 வகைக்கும் மாறியது. பின்னர் ரவைத் தயாரிப்பு மேம்பட்டதையும், தன் அதிகாரிகள் சிறிய ரவையால் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுவதையும் கண்டு, பத்தாண்டுகளுக்கு முன்னர் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. தொழிலாகத் துப்பாக்கி ஏந்துபவர்களுக்கே இதுதான் முடிவென்றால், உங்கள் மகளும் நடுத்தர அளவுள்ள 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்றிலிருந்து தொடங்குவதே என் தெரிவு. கிளொக் 19 போன்றவை இந்த வகை: 15 ரவைகள் நிரப்பினால் ஏறக்குறைய 850 கிராம் எடை, விசையழுத்தம் இரண்டரை கிலோ அளவு. முதல் ரவையை உள்ளே ஏற்றுவதற்காக மேற்பகுதியைப் பின்னிழுக்கக் கையில் வலுவில்லை என்றால், அதற்கென்றே இலகுவாக ஆக்கப்பட்ட சிமித் அன்ட் வெசன் ஷீல்ட் ஈசி போன்றவையும் கிடைக்கின்றன. ஆனால் இழுக்க முடியாமைக்கு வலுவைவிட முறையே பெரும்பாலும் காரணம். இரு விரல்களால் கிள்ளி இழுக்காமல், மேற்பகுதியை உள்ளங்கை முழுவதாலும் பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, பிடியில் இருக்கும் கையை முன்னால் தள்ள வேண்டும். முடியாது என்றவர்களில் அநேகர் அதன்பின் செய்துவிடுகிறார்கள்.

மாதிரியின் பெயரைவிடக் கைப்பொருத்தம் முக்கியம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளம் பிடியின் உச்சியில் இடைவெளியின்றி அமர வேண்டும். அப்படிப் பற்றியபின் குழலும் முன்கையெலும்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருகாமலே சுட்டுவிரலின் முதற்கணு விசையின் நடுவில் படிய வேண்டும். சுண்டுவிரல் பிடிக்குக் கீழே அந்தரத்தில் தொங்கக் கூடாது. இவற்றைக் கடையில் பார்த்துவிடலாம். உதைப்பு ஒத்துவருமா என்பதைச் சுட்டால்தான் அறியலாம். அங்குள்ள சுடுதளங்கள் பல வாடகைக்குத் துப்பாக்கி தருகின்றன. மூன்று நான்கு வகைகளிலாவது ஒரு பெட்டி ரவைகளைச் சுட்டுப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கட்டும். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் காதுறையும் கட்டாயம். ஈயத்தூள் கையில் படியும் என்பதால், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பையும் மாற்ற வேண்டும். மீண்டும் கர்ப்பமுற்றால் சுடுதளத்தை விட்டு விலகியிருக்கட்டும்.

பயிற்சி வகுப்பில் முதல் மணித்தியாலத்திலேயே சொல்லித்தரும் ஒன்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் தவறு நேர்வது இங்கேதான். பிஸ்டலை வெறுமையாக்க முதலில், பிடிக்குள் செருகியிருக்கும் ரவைக்கூட்டைக் கழற்ற வேண்டும். அதன்பின் மேற்பகுதியைப் பின்னிழுத்து, குழலின் அடியறைக்குள் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவ வேண்டும். வரிசை மாறினால் ரவைக்கூட்டில் உள்ள அடுத்த ரவை உள்ளே ஏறிவிடும்; அதன் பின்னர் கூட்டைக் கழற்றிவிட்டு வெறுமை என்று நம்புவார். கிளொக் போன்றவை ரவைக்கூடு இல்லாமலும் சுடும். துப்புரவுக்காகப் பிரிக்கும்போதோ விசையை அழுத்தித்தான் பிரிக்க வேண்டும். இந்த இரண்டும் ஒருசேரச் சந்தித்த வீடுகளில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை.

சட்டநடைமுறை எளிது. அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் 4473 இலக்கப் படிவத்தை நிரப்பி, தற்போதைய முகவரியுள்ள அரச அடையாள அட்டையையும் வதிவுரிமை இலக்கத்தையும் கொடுத்தால் பின்னணிச் சோதனை நடக்கும். இறுதியாக, அம்மா, மகளிடம் நேரில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களுள் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். அந்த வீட்டில் யாராவது மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தால், நான் மேலே எழுதிய அளவு, எடை எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் துவக்கே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: மேற்படிப்புக்காக மாணவர் விசாவில் டலஸ் செல்கிறேன். ஒரு பிஸ்டல் வைத்திருக்க ஆசை. எனக்குக் கிடைக்காவிட்டால் அங்கு குடியுரிமை பெற்ற மச்சான் வாங்கித் தருவாரா?
– வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, வேண்டாம். மாணவர் விசா, எச்–1பி தொழில் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. மாநிலமொன்று வழங்கிய செல்லுபடியான வேட்டை அனுமதி இருப்பது போன்ற சில விலக்குகளே உள்ளன. அவ்விலக்கு இல்லாதவர் சுடுதளத்தில் ஒரு மணித்தியால வாடகைக்குக் கையில் எடுப்பதும் வைத்திருத்தலாகவே கொள்ளப்படும். நண்பர்கள் விளையாட்டாக அழைக்கும் இடம் அதுதான். மச்சான் தனக்கென்று படிவத்தில் எழுதி உங்களுக்காக வாங்கினால், 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவருக்கு 15 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். உங்கள் படிப்பும் விசாவும் அதோடு போய்விடும்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவும் தற்பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: முடியாது. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டுள்ளன. ஒலிம்பிக் வகைப் போட்டிகளுக்குப் பயிற்சி பெறுவோர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. இலண்டனில் உள்ளவர்களும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அங்கே 1997 இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்த சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

கேள்வி: வயலுக்குள் யானை வருகிறது. இரவுக் காவலுக்குப் பிஸ்டல் ஒன்று வைத்திருக்க அனுமதி எடுக்கலாமா?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: ஐயா, பிஸ்டல் ரவை யானையை நிறுத்தாது, காயப்பட்ட யானையைத்தான் உங்கள் பக்கம் திருப்பும். யானையைச் சுடுவது வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றமுமாகும். எங்கள் நாட்டில் துப்பாக்கிகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பன்றி, குரங்கு போன்றவற்றிடமிருந்து பயிரைக் காக்க வேட்டைத் துப்பாக்கி வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிஸ்டலும் ரிவோல்வரும் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருப்பவை. வயற்காவல் அதற்குரிய காரணமன்று. தற்பாதுகாப்புக்கென்று முன்பு கொடுத்தவற்றையே மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 இறுதியில் அமைச்சு அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு வேண்டியவை மின்வேலியும், வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியும். பக்கத்து வயற்காரர், வழியில் கட்டிய கம்பி தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைத்துத் தருகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள். அது சட்டவிரோதமானது, யானை வரும் வழியால்தான் அதிகாலையில் மனிதரும் நடக்கிறார்கள்.

கேள்வி: காலமான தாத்தாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது ‘வெப்லி’ என்று பொறித்த பழைய ரிவோல்வர் ஒன்றும், தகர டப்பாவுக்குள் பச்சைக் களிம்பேறிய சில ரவைகளும் கிடைத்தன. குடும்ப நினைவாக வைத்திருக்கலாமா? அம்மா கடலில் எறிந்துவிடு என்கிறார்.
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: இரண்டும் கூடாது. உங்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்தால், அது முதுசமாக வந்ததென்பது உங்களைக் காப்பாற்றாது. தாத்தாவிடம் ஒரு காலத்தில் அனுமதி இருந்திருந்தால் அந்தத் துவக்கு பதிவேட்டில் உயிரோடு இருக்கும். பின்னொரு நாள் எங்கே என்று கேட்டால், கடலில் எறிந்தேன் என்ற விடையை நிரூபிக்க உங்களால் முடியாது. சுட்டுப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். களிம்பேறிய ரவை வெடிக்காமலும் போகலாம், பிந்தி வெடிக்கவும் செய்யலாம். பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், வழியில் சோதித்தால் விளக்கம் சொல்லும் நிலையில் இருக்க மாட்டீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டு, சட்டத்தரணி ஒருவர் மூலம் பொலிஸாருக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களே வந்து பற்றுச்சீட்டுக் கொடுத்து எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். தாத்தாவின் கடதாசிகளுக்குள் பழைய அனுமதிப்பத்திரம் ஏதும் அகப்பட்டால் அதன் பிரதியையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள்; அதிலுள்ள இலக்கத்தை ரிவோல்வரில் உள்ளதோடு ஒப்பிடும் வேலையைப் பொலிஸார் பார்த்துக்கொள்வார்கள்.