வாசகர் கேள்வி – பதில்: சிறு படகில் புயல் பாய் கட்டுவது எப்படி?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நானும் என் மனைவியும் சிட்னியில் 31 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வரும் கோடையில் தாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் வரை போய்வர எண்ணம். படகில் ஆரஞ்சு நிறப் புயல் பாய் ஒன்று (கடுங்காற்றில் முன்பாய்க்குப் பதில் ஏற்றும் சிறிய பாய்) பையோடு கிடக்கிறது. ஆனால் முன்பாய் உருளையில் சுருளும் வகை என்பதால் இதைக் கட்ட இடமில்லை. காற்று பலக்கும்போது முன்பாயையே பாதி சுருட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. சாதாரணக் காற்றில் ஓடுவதற்காக மெல்லிய துணியில் தைத்த பெரிய பாயைச் சுருட்டச் சுருட்ட அதன் முன்விளிம்பு தடித்த உருளையாகிவிடுகிறது. எஞ்சிய துணி பை போல் உப்பிக்கொள்கிறது. அத்துடன் காற்றின் விசை படகின் முன்பகுதியான அணியத்தின் நுனியிலும் உயரத்திலும் போய் நிற்பதால், படகு எதிர்காற்றில் ஏறாமல் சாய்ந்தபடி பக்கவாட்டில் ஒதுங்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மீது அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நிலையில் சுருளைப் பிடித்திருக்கும் ஒற்றைக் கயிறு அறுந்தால் முழுப் பாயும் ஒரே நொடியில் விரிந்துவிடும்.

ஆகவே சுருள்பாய்க்குப் பின்னால், மேல்தளத்தின் நடுக்கோட்டில், புயல் பாயை மாட்டுவதற்கென்று, கழற்றி மாட்டக்கூடிய உள் இழுகம்பி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்குப் பதில் டைனீமா என்னும் வலுவான செயற்கை இழைக் கயிறாகவும் இருக்கலாம். தேவையில்லாதபோது அதைப் பாய்மரத்தை ஒட்டிக் கட்டிவிடலாம். இதில் பலர் தவறு செய்வது கீழ் முனையில்தான். தளத்தில் ஒரு வளையத்தைத் திருகிவிட்டுக் கம்பியை மாட்டினால், இழுவை ஏறும்போது தளமே பிளந்து மேலெழும். வளையத்துக்கு நேர் கீழே ஒரு கம்பியை இறக்கி, அதை உள்ளிருக்கும் தடுப்புச் சுவரிலோ படகின் உடலிலோ பிணைக்க வேண்டும். மேல் முனையும் கவனத்துக்குரியது. அது பாய்மரத்தின் உச்சிக்கு அருகில் இருந்தால் சிக்கல் குறைவு. நன்கு கீழே இருந்தால் பாய்மரம் முன்னோக்கி வளையாதபடி படகின் பின்பகுதியான அமரத்திலிருந்து இரு பக்கமும் இழுகயிறுகள் தேவைப்படும். பாயை ஏற்ற, அதிகம் நீளாத கயிற்றில் தனி ஆஞ்சானும் வேண்டும்.

பாயின் அளவையும் சரிபாருங்கள். தொலைகடல் பந்தய விதிகளின்படி, முன்முக்கோணத்தின் (பாய்மரம், முன் இழுகம்பி, தளம் மூன்றும் சூழ்ந்த இடம்) உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் புயல் பாயின் பரப்பு இருக்கக் கூடாது. உங்கள் படகில் அந்த உயரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 7.2 சதுர மீட்டரைத் தாண்டலாகாது. பழைய படகுகளோடு வரும் பாய் பல நேரம் வேறொரு படகுக்குத் தைத்ததாக இருக்கும் என்பதால் அளந்து பார்ப்பதே நல்லது.

பாயின் அடிமூலையை நேராகத் தளத்தில் கட்டாமல் ஒரு குட்டைக் கயிறு வைத்துச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். அணியத்தின்மேல் புரண்டு வரும் அலை அப்போது பாயின் அடியால் கடந்துபோகும். இல்லையேல் பாய் அத்தனை தண்ணீரையும் ஏந்திக்கொள்ளும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறுகளைப் பாயின் பின்மூலையில் முடிச்சிட்டே கட்ட வேண்டும்; இரும்பு ஷாக்கிள் (கொளுவி) கூடாது. படபடக்கும் பாயின் நுனியில் உள்ள இரும்பு மண்டையை உடைக்கும். அந்தக் கயிறுகள் எப்போதும் பாயோடு கட்டப்பட்டே பைக்குள் இருக்கட்டும். அவை தளத்தைத் தொடும் இடமும் வழக்கமான முன்பாயின் இடமாக இராது; பெரும்பாலும் அதற்கு வெகுவாக முன்னால் வரும். காற்றில்லாத நாளில் பாயை ஏற்றிப் பாருங்கள். பின்விளிம்பு படபடத்தால் தாமானின் பிடியிடத்தை முன்னால் தள்ளுங்கள். அடிவிளிம்பு தளர்ந்திருந்தால் பின்னால் தள்ளுங்கள். இரண்டும் ஒருசேர இறுகும் இடத்தில் அடியில் தகடு வைத்து வலுவான வளையம் பொருத்தி, பெயின்டால் குறியிட்டுவிடுங்கள்.

கேள்வி: பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் பெரும்பாய்க்குப் பதிலாக, புயலில் ஏற்றும் டிரைசெயில் என்னும் சிறு பாய் ஒன்றும் வாங்கத்தான் வேண்டுமா? பெரும்பாயை மடித்துச் சிறிதாக்கும் மூன்றாவது மடிப்பு போதும் என்கிறார் நண்பர்.

பதில்: கரையோரப் பயணத்துக்கு உங்கள் நண்பர் சொல்வது நியாயமே. ஆழமாக வெட்டிய மூன்றாவது மடிப்பை இருவர் மட்டும் உள்ள படகில் விரைவாகப் போட முடியும். ஆனால் தாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையைக் கடக்கும்போது பெரும்பாய் கிழிந்தாலோ அதன் அடியைத் தாங்கும் கிடைக்கட்டையான பூம் முறிந்தாலோ கையில் வேறொன்றும் இராது. டிரைசெயிலுக்குப் பூம் தேவையில்லை என்பதே அதன் பெருமை. பூமைத் தளத்தோடு இறுகக் கட்டிவிட்டு, தாமான்களை அமரத்தின் இரு மூலைகளில் உள்ள பிளாக்குகள் (கப்பிகள்) வழியாக, கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். பாய்மரத்தில் அதற்கென்று தனித் தண்டவாளம் தளம்வரை இறங்கியிருந்தால், பாயைக் கோத்துப் பையோடு பாய்மரத்தின் அடியிலேயே கட்டி வைத்துவிடலாம். தனித் தண்டவாளம் இல்லாமல், மடிந்து குவிந்த பெரும்பாய்க்கு மேலே எம்பி நின்று இருட்டில் ஒவ்வொரு கொக்கியாகக் கோர்க்க வேண்டிய அமைப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எந்தக் காற்றில் பாயை மாற்ற வேண்டும்?

பதில்: மாற்ற வேண்டுமா என்ற எண்ணம் முதலில் எழும்போதே. 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்றில் பத்து நிமிட வேலையாக இருப்பது 45 நாட்டில் நடவாத காரியமாகிவிடும். உங்கள் வழியில் இது இன்னும் முக்கியம். சிட்னிக் கோடையில் வெப்பமான வடகாற்று அடங்கிச் சில நிமிடங்களில் குளிர்ந்த தென்காற்று பாய்ந்து வரும். தெற்கு நோக்கி ஓடும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தை அது எதிர்க்கும்போது அலைகள் குத்தாக எழும். பாஸ் நீரிணையின் சராசரி ஆழமே ஏறத்தாழ 60 மீட்டர்தான் என்பதால் அங்கும் அதே நிலை. 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. ஆறு பேர் உயிரிழந்தனர், 55 பேர் மீட்கப்பட்டனர். பாய் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதன் காரணமும் இதுவே: வெண்ணுரைக்கு நடுவே வெள்ளைப் பாயைத் தேடுவோர் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

ஏற்றும்போது பாதுகாப்புப் பட்டையின் கயிற்றை முதலில் படகில் மாட்டிக்கொள்ளுங்கள். துணைவியார் சுக்கானைப் பிடித்துப் படகைக் காற்றோடு ஓடவிட்டால், பெரும்பாயின் மறைவில் அணியத்தில் காற்று தணியும். அடிமூலையைக் கட்டி, கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டி, ஆஞ்சானைக் கடைசியில் இணையுங்கள். தாமானை ஓரளவு இழுத்து வைத்துவிட்டே பாயை ஏற்றுங்கள்.

ஒருமுறை என் பாயின் பித்தளைக் கொக்கிகளில் நான்கு, உப்பேறி ஊசி அசையாமல் இறுகிவிட்டன. நனைந்த கையுறையோடு அவற்றை ஒவ்வொன்றாகக் குறட்டால் நெம்பித் திறப்பதற்குள் முன்தளத்தில் மூன்று அலைகள் என்மேல் உடைந்தன. அன்று முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பையைத் திறந்து, கொக்கிகளை நன்னீரில் கழுவி, ஊசிகளில் மெழுகு தேய்த்து, கட்டுத்துறையிலேயே பாயை ஒருமுறை ஏற்றி இறக்கி விடுகிறேன். புறப்படும் முன் நீங்கள் இருவரும் ஆள் மாற்றி ஆள் இதைச் செய்து பாருங்கள். ஒருமுறையாவது இரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில்.