கோடியக்கரைக்கு மூன்று நாள்: எந்த வேளையில் எங்கே நிற்பது?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம். பொங்கல் முடிந்த பிறகு மூன்று நாள் லீவு போட்டு, 8 வயதிலும் 11 வயதிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் காடும் பறவைகளும் காட்ட ஆசை. சொந்தக் கார். முழங்கால் வலி உள்ள மாமியாரும் வருகிறார். முதல் நாள் நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. இரண்டாம் நாள் முத்துப்பேட்டை, உதயமார்த்தாண்டபுரம், வடுவூர். மூன்றாம் நாள் வீட்டில் ஓய்வு. இந்தத் திட்டம் சரியா? பைனாகுலர் வாங்க வேண்டுமா?

பதில்: தை மாதம் நல்ல தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் இருக்கும். வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் போட்டபடி போனால் கோடியக்கரையில் இறங்கும்போது மத்தியானம் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். அந்த வெயிலில் அங்கே இருக்கும் வெளிமான்கள் (பிளாக்பக்) புதர் நிழலில் ஒதுங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் அண்ணன் குடும்பத்தை நானே அப்படி உச்சிவேளையில் கூட்டிப்போனேன். சின்னவன் "மான் எங்கே சித்தப்பா?" என்று கேட்டுக்கொண்டே என் மடியில் தூங்கிவிட்டான். மறுநாள் விடிந்ததும் அதே புல்வெளிக்குப் போனோம். பனி முழுசாக விலகவில்லை. முறுக்கிய கொம்போடு ஒரு கருத்த ஆண் மான் நடுவில் நின்றது. சுற்றிலும் பழுப்பு நிறப் பெண் மான்கள். ஒன்று மிரண்டு துள்ள, பின்னாலேயே கூட்டம் முழுவதும் துள்ளிப் போனது. அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கை அப்புறம் பார்க்கலாம். மூன்று நாளில் உங்கள் கையில் இருப்பவை மூன்று மாலை, இரண்டு காலை. இந்த ஐந்து வேளையும் எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பயணம், சாப்பாடு, குட்டித்தூக்கம் எல்லாம் நடுப்பகலுக்குப் போகட்டும். நாகூரையும் வேளாங்கண்ணியையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அவற்றை இதில் திணித்தால் இரண்டும் கெடும்.

முதல் நாள் அவசரமே வேண்டாம். காலைப் பலகாரம் முடித்து எட்டரைக்குக் கிளம்பி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போங்கள். சுமார் 100 கிலோமீட்டர். அறுவடைக் காலம் என்பதால் சில இடங்களில் சாலையிலேயே நெல் காயும். மெதுவாகப் போக நேரிடும், அதையும் கணக்கில் வையுங்கள். வேதாரண்யத்திலேயே இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். கோடியக்கரையில் வனத்துறை ஓய்வு இல்லம் உண்டு. ஆனால் மாமியாருக்கு மருந்துக்கடையும் இட்லிக்கடையும் பக்கத்தில் இருப்பதுதான் நிம்மதி. சாப்பிட்டுப் படுத்து எழுந்து மூன்றரைக்குக் காட்டுக்குக் கிளம்பினால் முதல் மாலை வெளிமானுக்கு. பெரும்பாலும் வண்டிக்குள் இருந்தே பார்ப்பதால் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. ஹாரன் வேண்டாம், இறங்கி ஓட வேண்டாம். தின்பண்டப் பையை வெளியே எடுத்தால் குரங்குகள் விடாது.

கோடியக்கரையைப் பலர் தேசியப் பூங்கா என்கிறார்கள். அது சரணாலயம். 1967-இல் வெளிமானுக்காகவே அறிவிக்கப்பட்டது. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈரநிலம் (உலக அளவில் முக்கியம் என்று பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலம்) ஆனதும் இதுதான். வெளிமான் தவிர புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, காட்டில் தன்போக்கில் திரியும் மட்டக்குதிரைகள் எல்லாம் உண்டு.

இரண்டாம் நாள் காலைதான் இந்தப் பயணத்தின் உயிர். ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க வேண்டும் என்றால் சேற்றுப்பரப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் விஷயம். அது முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து வடிகட்டித் தின்னும் பறவை. தண்ணீர் கூடினாலும் வற்றினாலும் கூட்டம் இடம் மாறிவிடும். அதனால் நேற்று எங்கே நின்றன என்று முதல் நாள் மாலையே சோதனைச்சாவடியில் விசாரித்து, வழிகாட்டி ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். அவர் கைகாட்டும் திசையில்தான் அந்த இளஞ்சிவப்புக் கோடு தெரியும்.

பத்து மணிக்குள் திரும்பினால் வேதாரண்யேசுவரர் கோயிலுக்கு நேரம் இருக்கும். அப்பர் பாடத் திறந்து, சம்பந்தர் பாட அடைத்த திருக்கதவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை பாட்டியுடையது. மாலையில் போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடக்கத் தொடங்கிய தொண்டர்கள் ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளிய இடம். அங்கே கொஞ்ச நேரம் போதும். அப்புறம் கோடியக்கரைக் கடற்கரை. மீன்பிடிப் பருவம் என்பதால் வலையும் கருவாடுமாக இருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்டுத் தீராது. ஒன்று மட்டும் முக்கியம்: தை அமாவாசைக்குக் கோடியக்கரையிலும் வேதாரண்யத்திலும் கடல் நீராடப் பெருங்கூட்டம் வரும். அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. காலண்டரைப் பார்த்து அந்த நாளையும் முந்தைய நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை முத்துப்பேட்டை. ஜாம்புவானோடையிலிருந்து படகில் லகூனுக்கு (கடலை ஒட்டிய காயலுக்கு) போக வேண்டும். இது திருவாரூர் மாவட்டம், கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டம். அதனால் அனுமதியைத் தனித்தனியாக விசாரியுங்கள். படகு உண்டா, எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று முதல் நாளே கேளுங்கள். தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. ஆற்றின் இரு பக்கமும் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அவற்றின் மூச்சுவேர்கள். மாமியார் படகில் ஏறி இறங்குவதுதான் யோசிக்க வேண்டிய இடம். துறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிரமம் என்றால் உங்களில் ஒருவர் அவரோடு கரையில் இருங்கள்.

திரும்பும் வழியில் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம். கூடுகளில் குஞ்சு இருந்தால் நடுப்பகலிலும் அங்கே போக்குவரத்து ஓயாது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு மன்னார்குடி வழியாக நாலரைக்கு வடுவூர் ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். இரைதேடப் போன நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. அங்கிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரத்துக்குள்.

ஒருவேளை இரண்டாம் நாள் காலை மூடுபனியோ மழையோ வந்து எதுவும் தெரியாவிட்டால், முத்துப்பேட்டையைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் காலையையும் கோடியக்கரைக்கே கொடுங்கள்.

பைனாகுலர் கட்டாயம் வேண்டும், பூநாரை தூரத்தில்தான் நிற்கும். 8x42 என்று போட்டிருப்பது போதும், முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கம் என்பது. அதற்கு மேல் பெருக்கம் கூடினால் பிள்ளைகள் கையில் காட்சி ஆடும். தெரிந்தவரிடம் இரவல் கிடைத்தால் வாங்கவே வேண்டாம். ஆனால் ஒரு வாரம் முன்பே கொண்டுவந்து, மொட்டைமாடியிலிருந்து எதிர்த் தெருக் கடைப் பலகையை வாசிக்கச் சொல்லி இரண்டு பேரையும் பழக்கிவிடுங்கள்.